கதிர் பொறுக்கும் மகளிரும் பொற்கூட விருந்தும்

பாரிசு நகரின் ஓர்சே கலைக்கூடத்தைக் காணச் செல்வோர், ஓவியங்களைப் பார்த்துப் பார்த்துக் கால் சோர்ந்து நடுத்தளத்திற்கு வருங்கால், பெரியதோர் உணவுக்கூடம் எதிர்ப்படும். மேல்முகட்டில் வண்ண ஓவியங்கள்; சுவர்களிற் பொற்பூச்சு; முகட்டினின்று தொங்கும் சரவிளக்குகள். அங்கு அமர்ந்து பிரெஞ்சு முறையில் உண்டி கொள்ளலாம், கையிற் பொருள் இருப்பின்! கலை காண வந்த இடத்தில் உண்கலங்களின் ஓசை எதற்கென்று முகஞ்சுளிப்போர் உளர். ஓவியத்தை வயிற்றுப்பாட்டோடு கலத்தல் இழுக்கு என்பது அவர்தம் எண்ணம். யாம் அவ்வாறு கருதுகின்றிலேம். எம் மனக்குறை வேறு.

அக்கூடம் வாணிகர் கலைக்கூடத்துட் கொணர்ந்து நுழைத்த கடை அன்று. கலைக்கூடமே பின்னர் வந்து அதனைச் சூழ்ந்துகொண்டது. 1900ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சிக்கென, விக்தோர் இலாலூ என்னும் கட்டடக் கலைஞர் சேன் ஆற்றங்கரையில் ஒரு தொடர்வண்டி நிலையத்தையும், அதனோடிணைந்த 370 அறைகள் கொண்ட விடுதியையும் எழுப்பினார். அவ்விடுதியின் உணவுக்கூடமே இஃது. மேல்முகட்டு ஓவியங்கள் கபிரியேல் பெரியே தீட்டியவை. உண்பார் அண்ணாந்து பார்த்தற்கென்றே ஆக்கிய ஓவியத்தின்கீழ் உண்ணவொட்டாமற் கயிறு கட்டித் தடுத்தலன்றோ பிழை?

காலம் மாறிற்று. வண்டிகள் நீண்டன, நிலையத்தின் மேடைகள் நீளவில்லை. 1939 அளவில் நெடுந்தொலைவு வண்டிகள் அங்கு வருதல் நின்றது. 1973 தொடக்கத்தில் விடுதியும் மூடப்பட்டது. நிலையத்தை இடித்துத் தள்ளிப் புதுப்பெருவிடுதி கட்டவும் திட்டமிருந்தது. அத்திட்டம் நிறைவேறாமைக்கு இன்னோர் இடிப்பும் ஒரு கரணியம். பன்னூற்றாண்டுகளாகப் பாரிசுக்கு உணவூட்டிய நடுவங்காடி 1969இல் நகர்ப்புறத்திற்குப் பெயர்க்கப்பட்டது. பல்தார் அமைத்த அதன் இரும்புக் கூடங்கள் 1971 முதல் இடிக்கப்பட்டன. எமில் சோலா 1873இல் வெளியிட்ட புதினத்திற்கு 'பாரிசின் வயிறு' எனப் பெயரிட்டது அவ்வங்காடியை வைத்துத்தான். வயிறு போன பின்னரே நகரத்தார் கண் விழித்தனர். 1978இல் ஓர்சே நிலையம் காக்கப்பட வேண்டிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 1986இற் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. எளியோர் விடியலில் கூடை சுமந்த அங்காடி அழிந்தது. செல்வர் விருந்துண்ட கூடம் பிழைத்தது. இதனை எண்ணுங்கால் எமக்கு முழு மகிழ்ச்சி பிறக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், செருமானியரின் சிறைக்கொட்டடிகளினின்று மீண்ட பிரெஞ்சு மக்களை வரவேற்கும் இடமாக அந்நிலையமே இருந்தது. எலும்புந் தோலுமாய் வந்தவர் பலர். பசியின் முழு வடிவத்தையும் கண்ட கட்டடம் அது.

இனி ஓவியத்திற்கு வருவோம். உணவுக்கூடம் இருக்கும் அதே கட்டடத்தில்தான் மிலே 1857இல் தீட்டிய கதிர் பொறுக்கும் மகளிரின் ஓவியமும் உள்ளது. அறுவடை முடிந்த கழனியில் மூன்று பெண்டிர். இருவர் முதுகு வளையக் குனிந்து உதிர்ந்த கோதுமைக் கதிர்களைப் பொறுக்குகின்றனர். மூன்றாமவள் பாதி நிமிர்ந்து நிற்கின்றாள். நெடுந்தொலைவில் மலைபோற் போர்கள், நிறைந்த வண்டி, குதிரைமேல் ஒரு கண்காணி. விளைவெல்லாம் அங்கே; சிந்தியது மட்டும் இவர்க்கு. மிலே நோர்மாந்தி நாட்டுப்புறத்து உழவர் குடியிற் பிறந்தவர். ஆகலின் அம் முதுகுகளின் வலி அவர்க்குத் தெரியும். பாரிசில் அதனைக் காட்சிக்கு வைத்தபோது மேட்டுக்குடியினர் சினந்தனர். 3,000 பிராங்குக்கு அதனை விற்றார் மிலே. அவர் மறைந்த பின், 1889இல், 3,00,000 பிராங்கு கொடுத்து வாங்கியவர் பொம்மெரி அம்மையார். மறு ஆண்டில் நாட்டுக்கே அதனை ஈந்தார். அவ்வம்மையார் யார்? சாம்பேன் தேறல் வாணிகத்தின் தலைவி! பெருவிருந்துக் கூடங்களில் நுரைக்க நுரைக்க ஊற்றிய தேறலின் வருவாயே, கதிர் பொறுக்கிய பெண்டிரை எல்லாரும் காணும் சுவருக்குக் கொணர்ந்தது. அவர் கொடையை யாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அப்பணத்தில் ஒரு காசும் மிலேயின் கைக்கு வரவில்லை. ஓவியம் மறுபடி விற்கப்படுங்கால் வரைந்தவர்க்கும் பங்குண்டு எனப் பிரான்சு சட்டம் செய்தது 1920இல்தான்.

இப்போது உணவகத்தைக் குறிக்க உலகமே வழங்கும் 'ரெசுதோரான்' என்னும் பிரெஞ்சுச் சொல், முதற்கண் ஓர் இடத்தின் பெயரே அன்று. நலிந்த உடலைத் தேற்றும் இறைச்சிச் சாற்றுக்கே பதினெட்டாம் நூற்றாண்டில் அப்பெயர் வழங்கிற்று. (தம் சொல்லைப் பிரெஞ்சியர் காக்குமாறும் காண்க: விற்பனைப் பொருளையும் பணியையும் விளக்கும் எழுத்திற் பிரெஞ்சு இருந்தே தீரவேண்டும் என்பது அவர்தம் 1994ஆம் ஆண்டுச் சட்டம். வேற்றுமொழி வேண்டின் உடன் வரலாம், தனித்து வரலாகாது.) நலிந்தார்க்கு உரிய சாற்றின் பெயர் நலியாதார் கூடும் மன்றத்தின் பெயராயிற்று.

எம் மனக்குறை இதுவே. கதிர் பொறுக்குவோரை எல்லார்க்கும் காட்டும் கலைக்கூடம், பெரியேயின் முகட்டை மட்டும் உண்டிக்கு விலை கொடுப்பார் அமர்ந்து காணுமாறு விடலாமா? கூடத்தை மூடுக என்கின்றிலேம். திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று அக்கலைக்கூடத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அந்நாளிலேனும், நண்பகல் உண்டிக்கு முன் ஒருமணி நேரம், அந்நாற்காலிகளில் யாரும் அமர்ந்து அண்ணாந்து பார்க்க விடுக. விரும்புவார்க்கு ஒரு கிண்ணம் சுடுசாறும் எளிய விலையில் தருக.