பாட்டு வகுப்பு எங்கே போயிற்று?

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நாலு நாள் வரவில்லை. என்ன நடக்கும்?

ஐந்தாம் நாள் காலையில் பெற்றோர் வாசலில் நிற்பார்கள். "பிள்ளைகள் படிப்பு என்ன ஆவது?" என்று தலைமை ஆசிரியரைக் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான்.

அதே பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு நாலு மாதம் நடக்கவில்லை. யார் வந்து கேட்டார்கள்?

ஒருவரும் இல்லை!

பல பள்ளிகளில் பாட்டு வகுப்பு கால அட்டவணையில் இருக்கிறது. வகுப்பறையில் இல்லை. பாட்டுக்கு மணி அடித்தால் கணக்குப் புத்தகம் வெளியே வருகிறது. பரீட்சை நெருங்கினால் கேட்கவே வேண்டாம். முதலில் பறிபோவது பாட்டு. அடுத்தது விளையாட்டு. தலைமை ஆசிரியரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். பாட்டுக்காகக் கேட்கும் பெற்றோர் இல்லாத ஊரில் பாட்டு வகுப்பு எப்படி நிலைக்கும்?

மூன்று அரை நாள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 2012-ஆம் ஆண்டில் 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்பயிற்சி, தையல், கணினி, இசை போன்றவற்றைச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. தொடக்கத்தில் மாதச் சம்பளம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் பள்ளிக்கு வர வேண்டும்.

மூன்று அரை நாள்! அதற்குள் எத்தனை வகுப்புகள்! ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு மணி கிடைத்தால் பெரிது. அந்த ஒரு மணியையும் கணக்குக்குக் கொடுத்துவிட்டால் பாட்டு டீச்சர் வந்து என்ன செய்வார்? மாணவர்களின் நோட்டைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதனால் நஷ்டம் இல்லை. மாலையில் வீட்டுக்கே பாட்டு வாத்தியார் வருவார். கூலி வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. அதற்கு முறையாகப் பாட்டுக் கிடைக்கிற ஒரே இடம் பள்ளிக்கூடம். அங்கேயும் இல்லை என்றால் எங்கும் இல்லை.

தினமும் காலையில் பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறார்கள். அதற்கு மெட்டு அமைத்தவர் எம்.எஸ்.விசுவநாதன். ராகம் மோகனம். 2021-ஆம் ஆண்டில் அது மாநிலப் பாடல் ஆயிற்று. 55 வினாடியில் பாடி முடிக்க வேண்டும் என்பது விதி. ஆக, ஒவ்வொரு பிள்ளையும் மோகன ராகத்தைப் பாடிவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைகிறது. அது மோகனம் என்பதும், அதில் ஐந்தே சுரங்கள் என்பதும் எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். அந்த மணியைத்தான் காணோம்.

கேட்க உரிமை உண்டு

"நாம் போய்க் கேட்டால் பள்ளிக்கூடத்தில் மதிப்பார்களா?" என்று பெற்றோர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். ஆகவே அது தாய்மார் பேச வேண்டிய சபை. அங்கே கட்டடம் பற்றிப் பேசுகிறார்கள். கழிப்பறை பற்றிப் பேசுகிறார்கள். எல்லாம் அவசியமே. அதோடு ஒரு கேள்வி: "என் மகளுக்கு எந்த நாள், எந்த மணி பாட்டு வகுப்பு?"

சண்டை போட வேண்டாம். கேட்டால் போதும். பதில் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். அடுத்த கூட்டத்தில் அந்த வகுப்பு நடந்ததா என்று இன்னொரு தாய் கேட்கட்டும்.

பாட்டுப் படித்தால் கணக்கு நன்றாக வரும் என்று சிலர் சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்லிப் பாட்டுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. கணக்குக் கணக்குக்காக. பாட்டுப் பாட்டுக்காக.

அம்மாவுக்குப் பாட்டுத் தெரியாதே!

வீட்டிலும் வேலை இருக்கிறது. வாரம் ஒரு மணியில் கற்றதை வீட்டில் பாடிப் பார்க்காவிட்டால் அடுத்த வாரத்துக்குள் மறந்துபோகும். தினம் பத்து நிமிஷம் போதும்.

"எனக்குப் பாட்டுத் தெரியாது. நான் என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்பாள் தாய். அவள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தாளம் போட்டால் போதும்.

ஆதி தாளத்தை ஐந்து நிமிஷத்தில் யாரும் கற்கலாம். தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணம். அப்புறம் ஒரு தட்டு. கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. அவ்வளவுதான் ஆதி தாளம்!

பிள்ளை ச ரி க ம பாடும். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் இரண்டு சுரம். மூன்றாம் காலத்தில் நான்கு. சுரம் ஓட ஓடப் பிள்ளையின் கையும் சேர்ந்து ஓடும். இங்கேதான் எல்லாப் பிள்ளையும் தடுக்கி விழும். தாயின் கை ஓடக் கூடாது. பாட்டு எவ்வளவு வேகமாகப் போனாலும் தட்டு ஒரே நிதானத்தில் விழ வேண்டும். பிள்ளை தானாக வந்து அந்தத் தாளத்தில் சேர்ந்துகொள்ளும்.

தாயே தாளத்தைப் பிள்ளையிடம் கேட்டுக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. அம்மாவுக்கே சொல்லிக்கொடுத்தோம் என்ற பெருமையில் பிள்ளை மறுநாள் தானே வந்து உட்காரும்.

அந்தப் பத்து நிமிஷம் டெலிவிஷன் ஓடக் கூடாது. கைப்பேசியும் பேசக் கூடாது. சுருதிக்காக வேண்டுமானால் கைப்பேசியை வைத்துக்கொள்ளலாம். தம்புரா போல ஒலிக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. விலை கொடுத்து வாத்தியம் வாங்குவது அப்புறம். ஆசைப்பட்ட உடனே கீபோர்டு வாங்கிக்கொடுத்து, அது மூன்றாம் மாதம் பரண்மேல் ஏறிய வீடுகள் எத்தனையோ!

கேலி வேண்டாம்

விருந்தாளி வந்தால் "எங்கே, ஒரு பாட்டுப் பாடு!" என்று பிள்ளையை இழுத்து நிறுத்துகிறார்கள். பிள்ளை கூச்சப்பட்டால் அதட்டுகிறார்கள். பாடினாலோ, "டெலிவிஷனில் வந்த பையன் மாதிரி இல்லையே" என்கிறார்கள். இப்படி வாயை மூடிக்கொண்ட பிள்ளை மறுபடி திறப்பது கஷ்டம்.

முக்கியமாகப் பையன்கள் விஷயம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் குரல் உடையும். குரல்வளை வளர்கிறது, குரல் நாண் நீளுகிறது. நேற்று எட்டிய சுரம் இன்று எட்டாது. அப்போது, "கழுதை கத்துகிறது" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். பையன் பாட்டையே விட்டுவிடுகிறான். இது பெரிய தவறு. இயற்கையாக வரும் மாறுதல் இது. உச்ச ஸ்தாயியில் கத்த வைக்காமல், தணிந்த சுருதியில் கொஞ்சமாகப் பாட விட வேண்டும். சில மாதம் தாளம் மட்டும் பழகினாலும் நஷ்டம் இல்லை. குரல் மெள்ள மெள்ள நிலைப்படும்.

பாட்டுச் சோறு போடுமா?

தகப்பனார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

எல்லாருக்கும் போடாது. சிலருக்குப் போடும். அந்தச் சிலர் யார் என்பது பள்ளியில் பாடிப் பார்த்தால்தானே தெரியும்? 2022-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடந்தது. பாட்டு, வாத்தியம், நடனம் எல்லாவற்றுக்கும் போட்டி வைத்தார்கள். மாநில அளவில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுத்தார்கள். பிள்ளை போட்டிக்குப் போகும் நாளில் தாயோ தகப்பனோ கூடப் போக வேண்டும். அரை நாள் கூலி போகலாம். போனாலும் போகட்டும்.

இளையராஜாவும் அவர் சகோதரர்களும் பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பணத்தைக் கொடுத்தார். இதை இளையராஜாவே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் இசைப் பள்ளியில் படித்தவர் அல்ல.

இன்று ரேடியோவை விற்க வேண்டிய நிலைமை இல்லை. ஆர்வம் உள்ள பிள்ளைக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். மூன்று வருஷப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரத நாட்டியம், நாதசுவரம், தவில், தேவாரம் எல்லாம் உண்டு. குரலிசை, வயலின் போன்றவற்றுக்கு ஏழாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும். நாதசுவரம், தவில், தேவாரம் கற்கத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். பக்கத்தில் எந்த ஊரில் அந்தப் பள்ளி இருக்கிறது என்பதைப் பாட்டு டீச்சரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவரைப் பார்க்க இதுவரை எந்தத் தகப்பனாரும் வந்திருக்க மாட்டார்!