கல்முனைக்குடிக் கரையில் ஒரு விடுமுறை

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் எல்லா வீடுகளிலும் ஒரு சிறு பாராளுமன்றம் கூடிவிடும். நுவரெலியாவின் குளிரை நாடுவோம் என்பார் ஒருவர். கதிர்காமம் போய் வருவோம் என்பார் பாட்டியார். கடலுக்கே போகவேண்டுமெனச் சிறுவர் கூத்தாடுவர். சிறுவர் பக்கம் வென்றால், நிலாவெளியோ அறுகம்பையோ என்பதுதான் அடுத்த விவாதம். இரண்டும் நல்ல இடங்களே. அறுகம்பையின் அலைமீது சறுக்கி விளையாட உலகின் பல தேசத்தாரும் வருகின்றனர். ஆனால் மட்டக்களப்பிலிருந்து அறுகம்பைக்குச் செல்லும் பெருந்தெரு கல்முனைக்குடியை ஊடறுத்தே செல்கின்றது. அவ்வூரைக் கடக்கும்போது பிரயாணிகளிற் பலர் நல்ல உறக்கத்தில் இருப்பர். இவ்வாரம் அந்த உறக்கத்தைச் சற்றே கலைக்க விரும்புகின்றோம்.

ரெயில் மட்டக்களப்புடன் நின்றுவிடும். அப்பால் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பஸ்ஸிற் செல்லவேண்டும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும். சில தமிழூர்கள், சில முஸ்லிம் ஊர்கள். ஓரூர் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகின்றது என்பதை அயலான் அறிவதற்குப் பெயர்ப்பலகைதான் துணை. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், நடுவே நெருக்கமான குடியிருப்பு. கடலிலே உதிக்கும் சூரியன் வயலுக்கு அப்பால் மறைவதை ஒரே நாளில் நடந்தே சென்று காணலாம்.

வருவதற்கேற்ற காலம் எதுவென்று கேட்பீர்கள். கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்றும் மழையும் கொந்தளிக்கும் கடலும் இக்கரையை ஆளும். சித்திரையிலிருந்து ஆவணி வரை வெயிலின் ஆட்சி. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாய் வீசும். நிலக்கடலையையும் கச்சான் என்றே நம் நாட்டில் அழைப்பதால், கச்சானிலே கச்சான் கொறித்தோம் என்று சிறுவர் சொல்லிச் சிரிக்க ஒரு வாய்ப்புண்டு. பகல் பதினொரு மணிக்குமேல் நிழலைவிட்டு வெளியேறாதிருத்தல் உத்தமம்.

முதல்நாள் விடியற்காலையிலேயே கரைக்குச் செல்லுங்கள். கரைவலை இழுக்கும் வேளை அது. தோணியிற் கொண்டுபோய்ப் பிறைவடிவிற் கடலிலே வளைத்த வலையின் இரு கயிறுகளையும் இரண்டு அணியினர் கரையில் நின்று இழுப்பர். ஒருவர் குரலெடுக்க மற்றையோர் ஏற்றுப் பாடும் அம்பாப் பாட்டு அவ்விழுப்புக்குத் தாளமாக அமைவது இக்கரையின் பழைய வழக்கம். இரு அணிகளும் மெல்ல மெல்ல நெருங்கி வர, ஈற்றில் மடி கரையேறும். கீரி, சூடை, நெத்தலி, பாரைக்குட்டி எனக் குழந்தைகள் பெயர் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்வர். அனுமதி கேட்டுவிட்டு நீங்களும் கயிற்றிலே கைகொடுக்கலாம். உள்ளங்கை சிவந்துபோனால் மீனின் விலை குறித்துப் பின்னர் பேரம் பேச மனம் வராது.

நீராட விரும்புவோர் கரையிலுள்ள மீனவரைக் கேட்ட பின்பே இறங்கவேண்டும். சில இடங்களில் நாலடி வைத்ததும் ஆழம் இடுப்பைத் தாண்டிவிடும். எந்த இடம் எவ்வாறென்பதை அவர்களே அறிவர்.

கரையோரமாகவே நடந்தால் கடற்கரைப் பள்ளிவாசலை அடையலாம். தமிழ்நாட்டின் நாகூரில் அடக்கமாகியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக இங்கே ஆண்டுதோறும் கொடியேற்று விழா நடைபெறுகின்றது. பன்னிரண்டு நாட்கள் நடந்து கந்தூரியுடன் நிறைவுறும் அவ்விழா இஸ்லாமிய மாதக் கணக்கின்படி வருவதால், ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுக்கு ஆண்டு முன்தள்ளிப் போகும். முன்கூட்டி விசாரித்துக்கொள்ளல் நன்று. கடலோரக் கொடியேற்றமும் வீதியோரத்து இனிப்புக் கடைகளும் கோயில் திருவிழாக்களிற் பழகிய எம்போன்றோருக்கு அந்நியமாகத் தோன்றா. காலணியைக் கழற்றி, அடக்கமான உடையில் சென்றால் எவரும் விருந்தினரே.

அப்பள்ளிவாசலின் முன்னே நின்று கடலைப் பார்க்கும்போது ஒரு நாளை நினையாதிருக்க இயலாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாளுங்கூட. அதுவும் விடுமுறைதான். பிள்ளைகள் வீட்டிலிருந்த காலைப்பொழுதில் ஆழிப்பேரலை வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்முனைக்குடியின் கரையோர வீடுகள் தரையோடு தரையாயின. மறு ஆண்டில், கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதி பிறந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் கடலை நம்பி வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் கரையைவிட்டுப் போகவேண்டியதாயிற்று. இக்கரையில் விளையாடும் விருந்தினர் இதனை அறிந்து விளையாடவேண்டும். வீட்டின் அத்திவாரம் மட்டும் எஞ்சியுள்ள ஓர் இடத்தைக் கண்டால், அதன்மேல் அமர்ந்து படம் பிடிக்காதிருப்பதே நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை.

இரண்டாம் நாளை மருதமுனைக்கு ஒதுக்குங்கள். சாரமும் சேலையும் நெய்வதில் பெயர்பெற்ற ஊர் அது. நாடா பாவினூடே இங்குமங்கும் ஓட, நூல் துணியாகும் விந்தையை ஒரு மணிநேரம் பார்த்த பிள்ளை, தான் உடுத்தும் சட்டையை இனி வேறு கண்ணாற் பார்க்கும். தறியருகே நின்று வாங்கும் சாரம் கொழும்பில் வாங்குவதைவிட நீண்டகாலம் நினைவில் இருக்கும்.

மூன்றாம் நாள் தெற்கே காரைதீவு. சுவாமி விபுலானந்தர் 1892 இல் பிறந்த மண் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கி, 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றிய சில வாரங்களில் மறைந்த அப்பெருமகனார், சிறுவன் மயில்வாகனமாக இருந்த நாளிற் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் பயின்றார். காரைதீவுக்கும் கல்முனைக்கும் நடுவே சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் உள்ளன. ஒரு தமிழூர்ச் சிறுவனின் பள்ளிக்கூட வழி முஸ்லிம் ஊர்களின் வழியேதான் இருந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. பெரியநீலாவணையிற் பிறந்த கவிஞர் நீலாவணனைச் சூழ்ந்து 1960களிற் கல்முனைப் பகுதியில் ஓர் இலக்கிய வட்டம் உருவாயிற்று. அதிலே கலந்து வளர்ந்தவர்களுள் ஒருவர், 1944 இற் கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதியவர் அவரே. எங்கோ வடக்கில் எரிந்த நூல்களுக்காக இக்கரையிற் பிறந்த ஒருவர் வருந்தினார். அயலான் வீட்டு இழப்பைத் தன் இழப்பாக உணரும் அந்த மனம் பழக்கத்தால் விளைவது.

அப்பழக்கம் இன்று அருகிவருகின்றது என்பதே எமது கவலை. எம் வகுப்பில் ஒருநாள், பக்கத்து ஊரில் மாற்று மதத்தார் ஒருவரின் வீட்டிலே உணவருந்தியவர் யார் என்று கேட்டோம். உயர்ந்த கைகளை எண்ண ஒரு கையின் விரல்கள் போதுமாயிருந்தன. போர்க்கால ஆண்டுகள் அயலூர்களுக்கிடையே இட்ட வேலி பெற்றோரின் நெஞ்சில் இன்னும் முற்றாக அகலவில்லை. தமிழ்ப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் வெவ்வேறு. நோன்பு மாதத்தை ஒட்டி முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை வருவதால், பல வேளைகளில் விடுமுறைகளும் ஒத்துவருவதில்லை. ஒரே கடலின் காற்றை உண்டு வளரும் பிள்ளைகள் ஒருவர் பெயரை மற்றவர் அறியாமலே வளர்ந்துவிடுகின்றனர்.

இவ்விரு சமூகத்தாருக்கும் பொதுவானவை சிறிதல்ல. தாய்வழியாகக் குடி எண்ணும் முறை இருசாராரிடத்தும் உண்டு. மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் வழக்கமும் உண்டு. நாம் குழம்பு என்பதை அவர்கள் ஆணம் என்பர். அதுவும் பழந்தமிழ்ச் சொல்லே. காக்கா, ராத்தா என்று அவர்களும், அண்ணன், அக்கா என்று நாமும் மூத்தோரை அழைத்தாலும், மச்சான் என்ற சொல் இரு பக்கத்துக்கும் பொது.

ஆகவே, தாய்மாரே, தந்தைமாரே, நான்காம் நாளை ஒன்றும் திட்டமிடாமல் விட்டுவிடுங்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் கல்முனைக்குடியில் ஒரு வீட்டாரோடு அறிமுகமாகுங்கள். கடையில் வாங்கிய விலையுயர்ந்த பொருள் வேண்டா. உங்கள் ஊர்ப் பழம் ஒரு சீப்பு போதும். நோன்புக் காலமாயின் பகலிற் பொது இடங்களில் உண்பதைத் தவிர்த்து, மாலையிற் செல்லுங்கள். நோன்புக் கஞ்சி கிடைக்கும். ஏனைய நாட்களில் பிட்டும் மீனாணமும், சட்டியில் உறைந்த எருமைத் தயிரும், அதிர்ஷ்டமிருந்தால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் முட்டையும் சேர்ந்த வட்டிலப்பமும் கிடைக்கும். மரக்கறி மாத்திரம் உண்போர் அதனை முன்னரே சொல்லிவிடலாம். மனங்கோணாது வேறு சமைப்பர்.

இவ்விடுமுறைக்குப் பெருந்தொகை தேவையில்லை. பஸ் கட்டணமும் தங்குமிடச் செலவும் ஒரு சாரத்தின் விலையுமே பெரிய செலவுகள். புறப்படும்போது அவ்வீட்டுப் பிள்ளைகளை உங்கள் ஊருக்கு அழைக்க மறவாதீர்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயத்துக்கோ, யாழ்ப்பாணத்து மாம்பழக் காலத்துக்கோ அவர்கள் வரட்டும். அழைப்பது எளிது, திகதி குறித்து அழையுங்கள். அவர்களின் விடுமுறை எப்போதென்று கேட்டு, உங்கள் நாட்காட்டியில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.