நெருப்பிலா சிக்கனம்?

பணமில்லை; ஆகவே வெளியே போ! 1975ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று, நியூயார்க் மாநகராட்சி தன் ஊழியர்க்கு விடுத்த ஆணையின் பொருள் இதுதான். காவல்துறையினர் ஏறத்தாழ 5,000 பேர், தீயணைப்பு வீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், குப்பை அள்ளுவோர் எனப் பல்லாயிரவர் வேலையிழந்தனர். தீயணைப்பு நிலையங்கள் பல பூட்டப்பட்டன. வானளாவும் மாளிகைகள் நிறைந்த ஊர். உலகச் செல்வத்தை ஆட்டிப் படைக்கும் வால் வீதி விளங்கும் ஊர். அந்த ஊரில் நெருப்பை அணைக்கக் காசில்லையாம்!

ஏன் இல்லை? தலைவிதியா? கோள்களின் கோளாறா? இரண்டும் அல்ல. வருவாய்க்கு மீறிச் செலவிட்டு, துண்டு விழுந்த இடத்திலெல்லாம் கடன் பத்திரத்தை ஒட்டிவந்தனர் ஆளவந்தார். அன்றாடச் செலவை மூலதனச் செலவென்று எழுதிக் கணக்கையும் மறைத்தனர். அந்தப் பத்திரங்களை விற்று வங்கியார் தரகு பெற்றனர், வட்டியும் பெற்றனர். குறுகிய காலக் கடன் மட்டும் ஏறத்தாழ 600 கோடி டாலராக வீங்கிற்று. பின்னர் ஒரு நாள் வங்கியார் கதவைச் சாத்தினர். கடன் வாங்கியவர் மேயர். கொடுத்துக் கொழுத்தவர் வங்கியார். ஏணியேறி எரியும் வீட்டுக்குள் நுழைகின்ற வீரன் எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டான்? ஏன் அவன் தலையில் விழுந்தது அந்தச் சுமை?

வேலை போனவர்க்குத் தண்டனை அது. வேலையில் எஞ்சியவர்க்கோ வேறு தண்டனை. ஊதிய உயர்வை விட்டுக்கொடு என்றனர். ஓய்வூதிய நிதியைக் கொண்டு, வேறு எவரும் வாங்க அஞ்சிய பத்திரங்களை வாங்கு என்றனர். நகரின் நிதியைக் கண்காணிக்க 1975 செப்டம்பரில் ஒரு வாரியம் அமைந்தது. அதில் பெருந்தொழில் நிறுவனத் தலைவர்க்கு மூன்று இருக்கைகள். தொழிற்சங்கத்தார்க்கு ஒன்றும் இல்லை! விட்டுக்கொடுக்க வேண்டியவன் தொழிலாளி. எதை விட்டுக்கொடுப்பதென்று முடிவு கட்டுபவன் முதலாளி. இதற்குப் பெயர் பேச்சுவார்த்தையாம்!

பகுத்தறிவுத் தோழர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நிலையங்களை மூடும் வேலை 1975இல் தொடங்கியதன்று. மேயர் லிண்ட்சே காலத்தில், 1969இல், ராண்ட் நிறுவனத்தாரோடு கூடி ஓர் ஆய்வுக் கழகம் நிறுவினர். கணிப்பொறியும் கணக்கும் கொண்டு, எந்த நிலையம் தேவை, எது தேவையில்லை என்று ஆராய்ந்தனர். 1972 முதல் பிராங்க்ஸிலும் புரூக்ளினிலும், ஓயாது மணியடித்துக்கொண்டிருந்த நிலையங்களுள்ளேயே சிலவற்றை மூடினர்.

கணக்குப் போடுவதை நாம் குறை கூறவில்லை. கணக்கு அறிவின் கருவி. ஆனால் அந்தக் கணக்கில் எதைச் சேர்த்தனர், எதை விட்டனர்? வண்டி எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பதே அவர்கள் கொண்ட அளவுகோல். வந்தபின் அணைக்கப் போதிய ஆள் உண்டா, கட்டடம் எத்தகையது, உள்ளே எத்தனை குடும்பம் என்பவை அந்த அளவுகோலில் அடங்கா. தெரு நெரிசல் பெரிய தடையன்று என்றும் கொண்டனர், நியூயார்க்கின் தெருவில்! செல்வாக்குள்ளோர் வாழும் பகுதியில் கை வைக்கத் தயங்கினர். ஏழையின் பகுதியில் தயக்கமின்றி வைத்தனர். ஏடு கூறுகிறது, எதிர்த்துக் கேளாதே என்று பழைய புரோகிதன் சொன்னான். எண் கூறுகிறது, எதிர்த்துக் கேளாதே என்று புதிய புரோகிதன் சொல்கிறான். கேள்வி கேட்கக் கூடாதென்று சொல்லப்படும் எதுவும் அறிவியல் ஆகாது.

விளைவென்ன? 1970க்கும் 1980க்கும் இடையில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கென வகுத்த வட்டாரங்களுள், பிராங்க்ஸில் மட்டும் ஏழு வட்டாரங்கள் தம் கட்டடங்களில் நூற்றுக்கு 97க்கு மேல் இழந்தன. 44 வட்டாரங்கள் பாதிக்கு மேல் இழந்தன. நிலையங்களை மூடியது ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. கடன் தர மறுத்த வங்கி, பழுது பார்க்க மறுத்த வீட்டுக்காரன், காப்புறுதிப் பணத்துக்காகத் தீ வைத்தவன், வீட்டைக் கைவிட்டு ஓடியவன் - எல்லோர்க்கும் அதில் பங்குண்டு. ஆனால் தீ பெருகும் காலத்தில் தீயணைப்போரைக் குறைப்பது எந்த அறிவு?

இன்னொன்றும் கேளுங்கள். அந்நகரின் தீயணைப்புத் தேர்வு கறுப்பினத்தாரையும் போர்ட்டோரிக்கோ மக்களையும் விலக்கி வைக்கிறதென்று கண்ட நீதிமன்றம், வெள்ளையர் மூவரைச் சேர்த்தால் இவர்களுள் ஒருவரையும் சேர்க்க வேண்டும் என்று 1973இல் ஆணையிட்டது. இரண்டே ஆண்டில் வந்தது ஆட்குறைப்பு. கடைசியாக வந்தவன் முதலில் போக வேண்டும் என்பது விதி. கடைசியாக வந்தவன் யார்? நூறாண்டு வாயிலில் நிறுத்தி வைக்கப்பட்டவன்! கதவைத் திறந்த கையாலேயே வெளியே தள்ளினர்.

சங்கத்தார் செய்ததெல்லாம் சரியென்று வாதாட நாம் முன்வரவில்லை. 1973 நவம்பரில், உறுப்பினரின் வாக்கு எதிராக இருந்தும் தலைமை வேலைநிறுத்தம் அறிவித்தது குற்றமே. 1975 ஜூனில் மண்டையோட்டுப் படம் அச்சிட்டு, இவ்வூருக்கு வாராதீர் என்று பயணிகளை மிரட்டியதும் அழகன்று. அச்சம் வாதமாகாது. ஆயினும் சங்கத்தின் பிழை, நகராள்வோரின் பிழையை நியாயமாக்கி விடுமா?

வழி காட்டியவர் எளிய மக்கள். 1975 நவம்பரில் புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் 212ஆம் எண் நிலையத்தை மூட வந்தனர். அக்கம்பக்கத்தார் திரண்டனர், வண்டியை வெளியே விட மறுத்தனர், நிலையத்திலேயே மாறி மாறித் தங்கினர். மக்களின் தீயணைப்பு நிலையம் என்று அதற்குப் பெயரிட்டனர். ஒரு மாதமா, இரு மாதமா? ஓராண்டுக்கு மேல்! 1977இல் நிலையம் மீண்டும் திறந்தது. வேலையிழந்த வீரனும் வீடிழக்க அஞ்சிய குடிமகனும் ஒரே வழக்கின் இரு வாதிகள் என்பதை அவர்கள் உணர்ந்தனர், வென்றனர். 2003இல் மீண்டும் சிக்கனம் பேசி அதே நிலையத்தை மூடினர் என்பதையும் மறைக்க வேண்டா. ஒரு முறை வென்ற உரிமையை ஒவ்வொரு தலைமுறையும் காத்தாக வேண்டும்.

வரவு செலவுத் திட்டம் வானிலிருந்து இறங்குவதன்று, மனிதர் எழுதுவது. எழுதியவன் யார், எவனை விட்டு எழுதினான், எரியும்போது எவன் வீடு எரியும் என்று கேட்பதே பகுத்தறிவு. அந்தக் கேள்வியோடு இளைஞர்கள் தத்தம் நகராட்சிக் கணக்கைப் புரட்டட்டும்!