எரு அள்ள முன் ஒரு கேள்வி

போன வைகாசி, வெம்பிளியில் எங்கட வீட்டுப் பின்வளவில் நட்ட தக்காளிக் கன்றுகளின் குருத்துகள் பன்ன இலை மாதிரிச் சுருண்டு போயின. போஞ்சியும் அப்படியே. அம்மா கண்ணூறு என்றார். நான் நோய் என்று நினைத்தேன். ஆனால் எரு போடாத ஒரே பாத்தியில் மட்டும் கன்றுகள் செழித்து நின்றன. பிழை, ஒரு குதிரை லாயத்தில் இலவசமாக அள்ளி வந்த எருவில்தான்.

இது புதுக்கதை இல்லை. 2008இல் பிரித்தானியா முழுவதும் அலொட்மென்ட் தோட்டங்களில் இதே அழிவு நடந்தது. காரணம் அமினோபைரலிட் என்ற களைநாசினி. புல்வெளியில் அடித்தால் அகன்ற இலைக் களைகள் சாகும், புல் சாகாது. அந்தப் புல்லை மாடோ குதிரையோ தின்றாலும் மருந்து சிதையாமல் சாணத்தோடு வெளியே வரும். அந்த ஆண்டு ஆடியில் அதன் விற்பனை அனுமதி இடைநிறுத்தப்பட்டது. பிறகு நிபந்தனைகளோடு திரும்பி வந்தது.

என் ஆதங்கம் இதுதான். மருந்து அடித்தவருக்கு விசயம் தெரியும். வைக்கோல் வாங்கியவருக்குத் தெரியாமல் போகலாம். எரு அள்ளும் எங்களுக்கோ யாரும் சொல்வதில்லை. போத்தலில் ஒட்டிய எச்சரிக்கை சாணத்தோடு கூட வராது. விற்பவரும் சும்மா தருபவரும் அதை எழுத்தில் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் வேண்டும். அதுவரை நாங்கள்தான் கேட்கவேண்டும்: "இந்த மிருகங்கள் தின்ற புல்லுக்கும் வைக்கோலுக்கும் என்ன மருந்து அடித்தது?" பதில் தெரியாது என்றால், அள்ளாதீர்கள்.

அள்ளிவிட்டீர்களா? சோதித்துப் பாருங்கள். சில சாடிகளில் எருவும் கடைக் கலவை மண்ணும் சரிபாதி. வேறு சிலவற்றில் கலவை மண் மட்டும். எல்லாவற்றிலும் போஞ்சி விதை போட்டு ஒரு மாதம் பாருங்கள். எருச் சாடியில் மட்டும் இலை சுருண்டால், அந்த எரு வேண்டாம்.

ஏற்கெனவே மண்ணில் கலந்திருந்தால், அந்த மருந்தைச் சிதைப்பது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்றும் ஈரமும் வேண்டும். ஆகவே பல தடவை கொத்திப் புரட்டுங்கள். குவித்து வைத்தால் நாள் இழுக்கும். பழுதான செடிகளைக் கூட்டெருக் குவியலில் போடாதீர்கள். தக்காளி, போஞ்சி, உருளைக்கிழங்கு கொஞ்சம் பொறுக்கட்டும். சோளம் புல்லினம், அது தாங்கும். அடுத்த வசந்தத்தில் அந்த மண்ணையே சாடியில் எடுத்து, திரும்பவும் போஞ்சி போட்டுப் பாருங்கள். இலை நேராக வந்தால் நடலாம்.

ஊரில் எரு எந்தப் பட்டியில் இருந்து வந்தது என்று அம்மாவுக்குத் தெரியும். இங்கே தெரியாது. அதனால்தான் கேட்கவேண்டியிருக்கிறது. கேட்பதில் வெட்கம் இல்லை.