குழந்தையின் கண்ணும் நமது கடமையும்

தறியில் இழை அறுந்தால் உடனே பிணைக்கிறோம். பயிரில் நோய் கண்டால் அன்றே மருந்து தேடுகிறோம். பள்ளி செல்லும் குழந்தையின் கண்ணை மட்டும் காலங்கடத்துவது முறையாகுமா?

ஒரு கண் நன்றாகத் தெரியும் குழந்தை மற்றக் கண்ணின் குறையை உணராது, ஆதலின் முறையிடாது. ‘சோம்பல் கண்’ என்பது, தெளிவற்ற உருவைத் தரும் கண்ணை மூளை புறக்கணிப்பதேயாம். ஏற்ற கண்ணாடி அணிவித்து, வேண்டுமாயின் நல்ல கண்ணை மருத்துவர் குறித்த நேரம் மூடிவைத்தால், மறுகண் பழகித் தேறும். ஏழு வயதுக்குட்பட்டோரின் நடுத்தரக் குறைக்கு, நாள்தோறும் 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஒத்த பயனே தந்தன என 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஏழைக் கடந்தோர்க்கும் பயன் உண்டு. எனினும் முந்துவதே நன்று.

கிட்டப்பார்வையில் விழி நீண்டு, தொலைப்பொருள் மங்கும். கண்ணாடி அணிந்தால் கண் கெடும் என்பதும், பெண்ணுக்கு வரன் அமையாது என்பதும் வீண் அச்சங்கள். பகலொளியில் வெளியே விளையாடுவது இக்குறை தோன்றும் வாய்ப்பைக் குறைக்கும்.

ஆகவே, ஆண்டுதோறும் பள்ளி திறக்கும்போது, உறுப்பினர் குழந்தைகளின் கண்களைத் தனித்தனியே சோதிக்க ஒவ்வொரு சங்கமும் ஏற்பாடு செய்தல் வேண்டும். பொதுநல நிதியில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாமன்றோ?