வாசித்துக் காட்டினால் ஆய்வு ஆகாதா?

மதுரையில் கோரிப்பாளையத்துக்கும் தல்லாகுளத்துக்கும் இடையில் இசைக்குப் பஞ்சமில்லை. ராஜா முத்தையா மன்றம், லட்சுமி சுந்தரம் ஹால், சத்குரு சங்கீத வித்யாலயம் எல்லாம் பக்கம்தான். சித்திரையில் கள்ளழகர் இறங்கிவரும்போது இந்தத் தெருக்களில் ஒலிக்கும் நாயனத்தையும் தவிலையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று இசையில் முதுகலை வரை வந்துவிட்டார்கள். அடுத்து முனைவர் பட்டம். விண்ணப்பம் போடும் இடத்தில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பின்தங்கிய, பட்டியல் பிரிவினருக்கு ஐந்து விழுக்காடு சலுகை உண்டு. பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்தினால் வினாக்களில் பாதி ஆய்வு முறையியல், மறுபாதி பாடம். எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று மதிப்பெண் பிரிகிறது. சேர்ந்தபின் குறைந்தது மூன்று ஆண்டு உழைத்து ஆய்வேடு தர வேண்டும். வேதியியலுக்கும் வரலாற்றுக்கும் இது பொருந்தும். பதினைந்து ஆண்டு சாதகம் செய்த ஒருவர் கல்யாணியை எப்படி விரிக்கிறார் என்பதை இந்தக் கணக்கில் எங்கே எழுதுவது?

இதே மானியக் குழு வேறொரு இடத்தில் கலைஞரை மதித்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஆசிரியர் நியமன விதிகளின்படி, பெயர்பெற்ற குருவிடம் பயின்று, இளங்கலைப் பட்டமும் வானொலி அல்லது தொலைக்காட்சியின் ‘ஏ’ கிரேடும் பெற்ற தேர்ந்த கலைஞர், பாடத்தைக் காரணத்தோடு விளக்கிச் சொல்லித்தரவும் வல்லவரென்றால், முனைவர் பட்டமோ நெட் தேர்ச்சியோ இல்லாமலே இசைத் துறையில் உதவிப் பேராசிரியர் ஆகலாம். கற்பிக்கும் தகுதியை வாசிப்பு தரும், ஆய்வு மாணவராகச் சேரும் தகுதியை மட்டும் தராது என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

தமிழிசை ஆய்வின் தொடக்கமே நிகழ்த்திக் காட்டியதுதான். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் சுருதிக் கொள்கையைப் பேச்சோடு நிறுத்தவில்லை. அவருடைய மகள்கள் பாடியும் வீணையில் வாசித்தும் அதை அவையின் காதுக்கு முன்னால் வைத்தார்கள். மறு ஆண்டு ‘கருணாமிர்த சாகரம்’ அச்சாகி வந்தது.

மதுரைக்கு இன்னும் நெருக்கமான சான்று, இங்கே சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராக இருந்த டாக்டர் எஸ். ராமநாதன். பாடகர், வைணிகர், ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவர் ஆனபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அந்த ஆய்வை 1979-இல் நூலாக்கியது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 1985-இல் சங்கீத கலாநிதி விருதும் அவருக்குக் கிடைத்தது. அதே வெஸ்லியனில்தான் புல்லாங்குழல் மேதை டி. விசுவநாதன் ராக ஆலாபனையை ஆராய்ந்து 1975-இல் பட்டம் பெற்றார். ஆலாபனை செய்யும் கையே ஆலாபனையைப் பற்றி எழுதியது. இருவருக்கும் அந்த வாய்ப்பு கடல் கடந்துதான் கிடைத்தது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கச்சேரி செய்வதெல்லாம் ஆய்வாகிவிடுமா என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். ஆகாது. ஒரு கேள்வி இருக்க வேண்டும், வாசிப்பு அதற்கு விடை தேட வேண்டும், தேடிய வழி பதிவாகவும் எழுத்தாகவும் பிறர் சோதிக்கும்படி கிடைக்க வேண்டும். உதாரணமாக, டி.என். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் உயர்ந்த சுருதித் திமிரி நாயனம் பின்தங்கி, நீண்ட பாரி நாயனம் மேடைக்கு வந்தது. அந்த மாற்றம் தெருவில் வாசிக்கும் மல்லாரியின் ஓட்டத்தையும் மூச்சு பிடிக்கும் இடங்களையும் என்ன செய்தது? நூலகத்தில் உட்கார்ந்து இதற்கு விடை காண முடியாது. இரண்டு நாயனத்தையும் எடுத்து அதே வீதியில் வாசித்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலுள்ள ஆர்ஃபியஸ் நிலையம் 2004 முதல் இவ்வகை ஆய்வாளர்களைச் சேர்க்கிறது. பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் கச்சேரியும் ஒலிப்பதிவும் ஆய்வேட்டின் பகுதியாகவே மதிப்பிடப்படுகின்றன.

இன்னும் கீழே ஒரு வாசல் அடைபட்டிருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாயனம், தவில், தேவாரம் சேர எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். நல்ல ஏற்பாடு, பரம்பரைக் கலைஞர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதனால்தான் படிக்கிறார்கள். அங்கிருந்து முதுகலை வரை ஏற அவர்களுக்குப் படிக்கட்டு இல்லை. கரகத்தோடு போகும் நையாண்டி மேளத்தாரை நினைத்தால் தூரம் இன்னும் அதிகம். அவர்களைப் பற்றிப் பிறர் ஆய்வேடு எழுதுகிறார்கள், அவர்கள் எழுதுவதில்லை.

விண்ணப்பிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: கைக்கு எட்டாத பெரிய தலைப்பைத் தேடாதீர்கள். உங்கள் வாத்தியத்தில் எந்த இடத்தில் இடறுகிறீர்களோ, குரு சொன்னதும் ஏட்டில் உள்ளதும் எங்கே முரண்படுகின்றனவோ, அங்கே உங்கள் கேள்வி இருக்கிறது. ஆய்வுச் சுருக்கத்தோடு ஒலிப்பதிவையும் கொண்டுபோய் நெறியாளர் முன் வையுங்கள்.

மாற்ற வேண்டியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். 2013-இல் சட்டம் இயற்றி உருவான தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு முதலமைச்சரே வேந்தர். நேர்காணலின் 30 மதிப்பெண்ணுக்குள் வாசிப்புத் தேர்வைச் சேர்க்கவும், ஆய்வேட்டோடு தேர்வாளர் முன்னிலையில் ஒரு கச்சேரியைக் கேட்கவும் அந்தப் பல்கலைக்கழகமே முன்வரலாம். வரும் கல்வியாண்டின் அறிவிக்கையிலேயே அதைச் செய்ய வேண்டும்.