குதிகால் வலியும் ஒரு ஸ்டூலும்

காலையில் எழுந்து தரையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்துவதுபோல் சுரீர் என்று ஒரு வலி. பத்து அடி நடந்தால் குறைகிறது. அப்பாடா என்று வேலையில் இறங்கினால் மாலையில் மறுபடி வந்துவிடுகிறது. வீட்டுப் பெரியவர்கள் இதைக் குதிவாதம் என்பார்கள். எங்கள் பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்களோ, "எலும்பு வளர்ந்துவிட்டதாம்" என்று எக்ஸ்ரேயை நீட்டுவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், சென்னை தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்ப்பவர். வயது 38. காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு கடை மூடும்வரை நிற்க வேண்டும். ஆறு மாதமாக வலி. சூடான செங்கல்லில் எருக்கம் இலை வைத்து மிதித்துப் பார்த்தார். குதிகாலில் இரண்டு முறை ஊசி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் சில வாரம் நிம்மதி, பிறகு பழைய கதை. இப்போது முழங்காலும் இடுப்பும் சேர்ந்துகொண்டன. "எலும்பை வெட்டி எடுக்கணுமா மேடம்?" என்று கேட்டபோது குரல் நடுங்கியது.

வேண்டாம். குதிகாலில் எலும்பு முள்போல் நீண்டிருந்தும் வலியே இல்லாதவர்கள் பலர் உண்டு. முள் இல்லாமலே வலியால் தவிப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் வலிப்பது, குதிகாலிலிருந்து விரல்கள்வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த நார்ப்பட்டை. பாதத்தின் வளைவை வில்லின் நாண்போல் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். கெட்டித் தரையில் மணிக்கணக்கில் நிற்பது, உடல் எடை, தேய்ந்த செருப்பு, இறுகிப்போன கெண்டைக்கால் தசை எல்லாம் சேர்ந்து அதைப் புண்படுத்துகின்றன. இரவில் பாதம் தளர்ந்து கிடக்கும்போது பட்டை இறுகிவிடுகிறது. காலையில் முதல் அடி அதைத் திடீரென்று இழுக்கிறது.

முழங்காலும் இடுப்பும் வலித்தது ஏன்? குதிகாலைக் காப்பாற்ற அவர் பாதத்தின் வெளி ஓரத்தில் நின்றார். பாரத்தை மற்ற காலுக்குத் தள்ளினார். அந்தக் கணக்கை முழங்காலும் இடுப்பும் தீர்த்துக்கொண்டிருந்தன.

அவருக்குச் சொன்ன பயிற்சிகள் மூன்று. முதலாவது, படுக்கையை விட்டு இறங்கும் முன்பே. வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக மடக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. கெண்டைக்காலை மட்டும் நீட்டுவதைவிட இது நல்ல பலன் தருவதாக 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

இரண்டாவது, சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி முன்னால் சாய்வது. மூன்று முறை.

மூன்றாவது, படிக்கட்டின் ஓரத்தில் விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். டென்மார்க்கில் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் நீட்டல் பயிற்சியைவிட மூன்று மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலில் தொடங்கலாம்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடக்காமல் மெத்தென்ற செருப்பு அணிய வேண்டும். ஊசி தற்காலிக நிவாரணம்தான். திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டையே கிழியும் அபாயம் உண்டு. பொறுமை அவசியம். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

எல்லாக் குதிகால் வலியும் இது அல்ல. மரத்துப்போதல், வீக்கம், காய்ச்சல், ஓய்விலும் தூக்கத்திலும் விடாத வலி, காலையில் நெடுநேரம் விறைத்திருக்கும் முதுகு, இவற்றில் எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகள் சூடான செங்கல் பக்கமே போகக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதம் வெந்துபோனால்கூடத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து வந்தவருக்கு வலி அப்படியே இருந்தது. பயிற்சியை விடவில்லை. உட்காரத்தான் முடியவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் கொண்டுவந்தது. கோழிக்கோட்டில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது. தமிழ்நாடு 2021இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. "ஸ்டூல் போட்டிருக்காங்க மேடம். உட்கார்ந்தா சூப்பர்வைசர் முறைக்கிறார்" என்றார்.

ஒரு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்கார அனுமதிக்குமாறு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதை மேலாளரிடம் நீட்ட அவருக்கு இரண்டு வாரத் தயக்கம். கொடுத்ததும், உட்கார்ந்து பார்க்கும் பில்லிங் வேலைக்கு மாற்றினார்கள். அங்கே சேலை விற்றால் கிடைக்கும் இன்சென்டிவ் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் போகிறது. ஒரே மாதத்தில் சேலைப் பிரிவுக்கே திரும்பிவிட்டார்.

பிறகு பயிற்சிகளை அவருடைய நாளுக்குள் நுழைத்தோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் விரல் மடக்கல், கூட்டம் இல்லாதபோது கவுன்டரைப் பிடித்தபடி குதிகால் உயர்த்தல். ஐந்தாம் மாதம் காலை வலி போய்விட்டது. பண்டிகைக் கால இரவுகளில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஸ்டூலில் இப்போதும் அபூர்வமாகத்தான் உட்காருகிறாராம்.

அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, உங்களைப் பார்த்துப் பதறி எழுந்திருப்பவரிடம், "உட்கார்ந்தே காட்டுங்கம்மா" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள்.